தரையில் ஒரு தீவு

கொல்லிமலை என்ற பெயரைக் கேட்டதும், தமிழ்ப் பாட புஸ்தகத்தை மறவாதவர்களுக்கு வல்வில் ஓரியின் ஞாபகம் வரும். இக்காலத்து வாலிபர்களுக்கோ எழுபது கொண்டை ஊசி வளைவுகளின் ஞாபகம் வரும். ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பினால் துளைத்தவன் என்று சங்கப் புலவர் வன்பரணரால் பாடப் பெற்றவன். வளைவுகளின் புகழைப் பாடுகிறவர்கள் மோட்டார் சைக்கிள் வாலிபர்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறி, எழுபதாவது வளைவில் நின்று படம் பிடித்துக்கொண்டு, மறுபடியும் எண்ணிக்கொண்டே இறங்கிவிடுகிறார்கள். வில்லுக்கும் வளைவுக்கும் நடுவே, அந்த மலையின் மேலே, 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி சுமார் 40,000 பேர் உழுது, விதைத்து, பிள்ளை பெற்று, நோயில் விழுந்து எழுந்து வாழ்ந்து வருகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பேச்சு அதிகமாகக் காதில் விழுவதில்லை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போகிறவர்களுக்கு இந்த மலை சிறிது சிறிதாகத் தென்படுவதில்லை. வயலும் தோப்புமாக இருக்கும் சமவெளியில், யாரோ மதில் எழுப்பியது போலத் திடீரென்று எதிரே நிற்கிறது. பூகோள புஸ்தகத்தில் இதைக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் சேர்த்திருக்கிறார்கள். தொடர்ச்சி என்பது பெயரளவில்தான். சேர்வராயன் ஓரிடத்தில், கல்வராயன் ஓரிடத்தில், பச்சைமலை மற்றோரிடத்தில், போதமலை வேறோரிடத்தில் என்று ஒன்றோடொன்று பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல விலகி விலகி நிற்கின்றன. நடுவில் உள்ள சமவெளியைக் கடல் என்று வைத்துக்கொண்டால் இவை ஒவ்வொன்றும் ஒரு தீவு.

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. நார்வே தேசத்துக் கரையோரத்திலும், ஸ்காட்லாந்துக்கு மேற்கேயும் நூற்றுக்கணக்கான தீவுகள் உண்டு. அங்கெல்லாம் டாக்டர் வருவதும், தபால் வருவதும், மீன் விலைக்குப் போவதும் படகை நம்பியே நடந்து வந்தன. நமக்குத் தெரிந்த உதாரணம் ராமேசுவரம். அங்கே ரயில் பாலம் 1914-இல் வந்தது. மோட்டார் போகும் பாலம் 1988-இல்தான் வந்தது. இடைப்பட்ட எழுபத்து நான்கு வருஷங்களில் ரயிலை விட்டவன் தோணியைத் தேட வேண்டியிருந்தது. தீவில் வாழ்கிறவனைக் கேட்டால், சுற்றிலும் தண்ணீர் இருப்பதைப் பற்றி முதலில் சொல்ல மாட்டான்; கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத்தான் சொல்வான். கொல்லிமலையிலும் அப்படியே. சோளக்காட்டில் நாம் யாரிடம் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசி பஸ்ஸில் வந்து நின்றது.

மலையின் பரப்பு ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர். பெரும் பகுதி இன்றைய நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிழக்கேயும் தெற்கேயும் உள்ள சரிவுகளில் ஒரு பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேரும். மேலே ஏறியதும் கூரிய சிகரங்கள் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரத்து முந்நூறு அடி முதல் நாலாயிரத்து முந்நூறு அடி வரையில், மேடும் பள்ளமுமாக ஒரு பூமி விரிந்து கிடக்கிறது. பள்ளங்களில் நெல் வயல். சரிவுகளில் குச்சிக்கிழங்கும் வாழையும் பலாவும். சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள். அதன் நிழலில் காப்பிச் செடிகள். கீழே நாமக்கல்லில் விசிறி தேவைப்படும் காலத்தில் இங்கே கம்பளி தேவைப்படுகிறது.

சென்ற மார்கழியில் நாம் ஏறிய சர்க்கார் பஸ் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, மலையடிவாரமான காரவள்ளியில் சிறிது மூச்சு வாங்கிற்று. அங்கிருந்து சோளக்காடு வரை ஏறக்குறைய மூவாயிரம் அடிக்கு மேல் ஏற்றம். கண்டக்டர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், புதுசுங்களா? எலுமிச்சம்பழம் இருந்தா கையில வச்சுக்குங்க" என்றார். அது மரியாதைக்குச் சொன்னதன்று என்பது இருபதாவது வளைவில் விளங்கிற்று. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, தம் உடம்பு முழுவதையும் ஒரு பக்கம் சாய்த்துத் திருப்புகிறார். பஸ்ஸின் மூக்கு பள்ளத்துக்கு மேலே ஆகாயத்தில் ஒரு கணம் நின்று, பிறகு சாலைக்குத் திரும்புகிறது. எதிரே இறங்கி வரும் வண்டி நின்று வழி விட வேண்டும். ஏறும் வண்டிக்கே முதல் உரிமை. மலைவாசிகள் எல்லோரும் அறிந்த இந்தச் சட்டத்தை, விடுமுறைக்கு வரும் பட்டணத்துக் கார்க்காரர்களில் சிலர் மட்டும் அறிவதில்லை.

பஸ்ஸில் நம்மைத் தவிர மற்றவர்கள் யாரும் வளைவை எண்ணவில்லை. பாதிப் பேர் தூங்கினார்கள். காலுக்கடியில் ஒரு மூட்டை சிமெண்டு, இரண்டு கோழிகள், பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவனின் தகரப் பெட்டி, மூன்று அரிசிச் சாக்குகள். அரிசி மலைக்கு மேலே போகிறது என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருவோம்.

இம்மலையில் வாழும் பழங்குடியினரைச் சமவெளிக்காரர்கள் 'மலையாளிகள்' என்கிறார்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் கொள்ள வேண்டுமே தவிர, கேரள தேசத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது சுத்தமான தமிழ். தங்களைக் கவுண்டர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவர் என்றும், அவர்களுடைய சந்ததிகளே சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மலைகளில் பிரிந்து குடியேறினார்கள் என்றும் ஒரு கதை பரம்பரையாக வழங்குகிறது. மலை முழுவதும் 'நாடு'களாகப் பிரிந்திருக்கிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயர்களைக் கேட்கவே செவிக்கு இன்பமாயிருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் பல சிற்றூர்கள். மலை முழுவதும் இருநூறுக்கு மேல் இருக்கும். சிற்றூர் என்றால் இருபது வீடு, முப்பது வீடு. ஊர்க்கவுண்டர் என்ற பழைய தலைமை இன்றும் கல்யாணம், திருவிழா, வழக்கு ஆகியவற்றில் செல்லுபடியாகிறது. இன்றைய ஊராட்சிகளும் பழைய நாட்டுப் பெயர்களையே சுமந்திருப்பது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. பெயரையாவது மாற்றாமல் விட்டார்களே!

வெள்ளைக்காரர்கள் சேலம் ஜில்லாவை ஆண்ட காலத்தில் ஏற்காட்டைத் தங்கள் சுகவாச ஸ்தலமாக்கிக்கொண்டார்கள். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களில் அங்கே காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். பங்களாக்களும் தோட்டங்களும் தொடர்ந்தன. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொல்லிமலையை அவர்கள் அப்படி ஆக்கவில்லை. காரணம் மலைக்காய்ச்சல். கொசு இந்த மலைக்குக் காவல் இருந்தது என்று சொன்னால் தவறில்லை. ஆனால் அந்தக் காவலுக்குக் கூலி கொடுத்தவர்கள் மலைவாசிகளேயாவர். துரை வராமல் போன இடத்துக்கு டாக்டரும் வரவில்லை, பாதையும் வரவில்லை.

பழைய புலவர்கள் இந்த மலையைப் பற்றிப் பயமும் ஆசையும் கலந்து பேசினார்கள். சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை இங்கே இருந்தாள் என்பது அவர்கள் கூற்று. அவளை எட்டுக்கை அம்மனாக மலைவாசிகள் கும்பிடுகிறார்கள் என்று சொல்லுவோர் உண்டு. பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் ஆலயம் இருக்கிறது. அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியது இந்தப் பெருமான் மேல்தான். அறுத்துச் சமைத்த மீன்களைப் பொருத்தி உயிர்ப்பித்த ஸ்வாமி என்று கதை. ஆகவே அருகில் ஓடும் ஆற்று மீன்களுக்கு இன்றும் பொரி கிடைக்கிறது. ஆடி மாதம் பதினெட்டாம் நாள் மலையே அங்கே திரண்டுவிடும். கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரம் படிக்குமேல் இறங்கினால் ஆகாச கங்கை. ஐயாறு அங்கே சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் போய், முடிவில் காவேரியை நாடுகிறது. அருவியை வர்ணிக்கும் ஆற்றல் நமக்கில்லை. இறங்கின படிகளையெல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்பதை மட்டும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறோம்.

செம்மேட்டில் ஓரியின் சிலைக்கு எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு பாட்டியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாமக்கல்லில் இருக்கும் பேத்தியைப் பார்க்கப் போகிறாளாம். மடியில் ஒரு சீப்பு மலைவாழை.

"அந்தக் காலத்தில் எப்படிப் பாட்டி கீழே போவீர்கள்?" என்று கேட்டோம்.

"நடைதான் சாமி. கோழி கூப்பிட எறங்குனா வெயிலுக்குள்ள பேளுக்குறிச்சிச் சந்தை. தலையில மொளகு இருக்கும், கடுகு இருக்கும். திரும்பி வர்றப்ப உப்பு, துணி. உப்புக்குத்தான் சாமி எறங்குறது. மத்ததெல்லாம் மேலயே வெளையும்."

"நோய் நொடி என்றால்?"

"தூளி கட்டித் தூக்குவாங்க. என்னையே தூக்கினாங்களே! நடு மவ வயித்துல இருந்தப்ப வலி கண்டு மூணு நாளு. நாலு பேரு மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு எறங்குனாங்க. பாதி எறக்கத்துல ஒரு பாறை இருக்கு. அங்கயே பொறந்துட்டா. அவ மவளைப் பாக்கத்தான் இப்பப் போறேன்."

பாறையில் பிறந்தவளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தோம். பாட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அதுக்கு முன்ன ஒண்ணு, எறங்குறதுக்குள்ள போயிடுச்சு" என்றாள். அதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் பாதை மலையைக் கெடுத்துவிட்டது என்று பட்டணத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு முறை அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஆனால் பாதை ஒரு கையால் கொடுத்ததை மட்டும் பேசி நிறுத்துவது நியாயமாகாது. பாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும்: உப்பைத் தவிர மற்றதெல்லாம் மேலேயே விளைந்தது. அது பழம் பெருமை பேசும் மிகையன்று. சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு எல்லாம் இந்தச் சரிவுகளில் விளைந்தன. சாமையில் மட்டும் பெருஞ்சாமை, சடஞ்சாமை, மல்லியசாமை, திருகுலசாமை, கட்டவெட்டிச்சாமை என்று வகைகள். ஒன்று சீக்கிரம் விளையும். ஒன்று வைக்கோல் அதிகம் தரும். ஒன்று மெலிந்த மண்ணிலும் தலை எடுக்கும். எந்த மழைக்கு எந்த விதை என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த சாஸ்திரம். விதையைக் குதிரில் வைத்துப் பாதுகாத்தவர்கள் பெண்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்று போயிற்று. சேலத்துக்காரர்கள் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். சுதேசிக் கைத்தொழிலுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. இன்றைக்கும் நம் வீட்டுப் பாயசத்துக்கு அந்த ஜவ்வரிசிதான். ஆலைகள் பெருகியபோது கிழங்கும் பெருக வேண்டியிருந்தது. மலைக்கு லாரி ஏறும் பாதை வந்ததும் ஆலைகளின் கை மலைக்கு எட்டிற்று. கிழங்கு தலைச்சுமைக்கு ஏற்ற சரக்கு அன்று. கனம் அதிகம், விலை குறைவு, வெட்டினால் தாமதிக்காமல் ஆலைக்குப் போயாக வேண்டும். பாதை இல்லாத காலத்தில் அதை விலைக்குப் பயிரிடுவது பைத்தியக்காரத்தனம். பாதை வந்த பிறகு சாமை பயிரிடுவது பைத்தியக்காரத்தனமாகிவிட்டது. சாமை நிலங்கள் வருஷத்துக்கு வருஷம் கிழங்குக் காடாக மாறின. 2011 முதல் குடும்ப அட்டைக்கு அரிசி இனாமாகக் கிடைப்பதால் அடுப்பிலும் சாமைக்கு இடம் சுருங்கிற்று. பஸ்ஸில் நம் காலுக்கடியில் மேலே ஏறிய அரிசிச் சாக்குகளின் கதை இதுதான். உப்புக்காக மட்டும் கீழே இறங்கிய மலைக்கு இப்போது சோறே கீழிருந்து ஏறுகிறது. கிழங்கு விலை விழுகிற வருஷத்தில் அதைத் தின்று வருஷத்தைக் கழிக்கவும் முடியாது.

இதற்காக மலைவாசிகளைக் குறை கூறுகிறவர்கள், ஒரு படி சாமையை உமி போகக் குத்திப் பார்க்கட்டும். நெல்லைப் போல அது சுலபத்தில் தோலுரியாது. பகலெல்லாம் காட்டில் வேலை செய்த பெண் இரவில் உரலும் உலக்கையுமாக நிற்க வேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-கள் முதல் இங்கே வேலை செய்து வருகிறார்கள். விதை வங்கிகள் ஏற்படுத்தியதோடு, சிற்றூர்களில் உமி நீக்கும் சிறு யந்திரங்களையும் வைத்தார்கள். நமக்கென்னவோ விதை வங்கியைக் காட்டிலும் அந்த யந்திரமே பெரிய தர்மமாகத் தோன்றுகிறது. 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமாக உலகமெல்லாம் கொண்டாடிற்று. பட்டணத்து ஹோட்டல்களில் சாமைப் பொங்கலுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அந்தச் சாமை எந்தப் பெண்ணின் தோளை வலிக்கச் செய்தது என்று பட்டியலில் போடவில்லை.

பாதை வந்துவிட்டது என்றோம். எல்லோருக்கும் வந்துவிடவில்லை. காரவள்ளி வழியைத் தவிர, ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சியிலிருந்து ஏறும் பாதையும் இருக்கிறது. ஆனால் மலை மேல் பெரிய சாலையை விட்டு விலகியுள்ள சிற்றூர்கள் சிலவற்றுக்கு இன்னும் ஒற்றையடிப் பாதைதான். 108 வண்டி தமிழ் நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. அது தார் சாலை முடிகிற இடத்தில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு காத்து நிற்கும். அங்கே வந்து சேரும் வரையில் நோயாளிக்குப் பாட்டியின் காலத்துத் தூளிதான். செம்மேட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தும், தூளியில் கழியும் அந்த ஒரு மணி நேரம் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

பக்கத்துத் தீவான போதமலையின் கதை இதைவிட மோசம். சுதந்திரம் வந்து எழுபது வருஷங்களுக்கு மேலாகியும் அங்கே மோட்டார் போகும் பாதை இல்லாமலிருந்தது. 2019, 2021, 2024 தேர்தல்களில் ஓட்டுப் பதிவு யந்திரங்களை அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகவே மேலே கொண்டு போனார்கள். ஓட்டு வாங்குவதற்குத் தலையில் சுமந்தாவது சர்க்கார் மேலே ஏறுகிறது என்பது ஜனநாயகத்துக்குப் பெருமைதான். மற்ற நாட்களிலும் ஏறியிருந்தால் இன்னும் பெருமையாயிருக்கும். பாதை போடும் முயற்சி அண்மை வருஷங்களில்தான் வேகம் எடுத்திருக்கிறது.

திரும்புகிற அன்று சோளக்காட்டுக் கடைவீதியில் மிளகும் மலைவாழையும் வாங்கினோம். மிளகு உத்தமமான சரக்கு. கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அதை வாங்காமல் வரக்கூடாது. சாமை இருக்கிறதா என்று கேட்டோம். முதல் கடைக்காரர், "அது நாமக்கல் சூப்பர் மார்க்கெட்டுல பாக்கெட்டுல கெடைக்குமுங்க" என்றார். இரண்டாவது கடையிலும் இல்லை. மூன்றாவது கடையில் இருந்த அம்மாள் சிறிது யோசித்து, வீட்டுக்கு வைத்திருப்பதில் இரண்டு படி தருவதாகச் சொல்லிப் பிள்ளையை அனுப்பினாள். துணிப் பையில் வந்த சாமை உமியோடு இருந்தது. "குத்தினதுன்னா பூச்சி விழும். இப்படியே வச்சா வருசக் கணக்குல கெடக்குமுங்க" என்றாள். கேட்ட விலையைக் கொடுத்தோம்.

கடைசி பஸ் நிரம்பி வழிந்தது. எழுபது வளைவுகளையும் நின்றுகொண்டே இறங்கினோம். மறுநாள் ஊரில் மூன்று மில்களுக்கு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போனோம். நெல் அரைப்போம், கோதுமை அரைப்போம், மிளகாய் அரைப்போம், சாமைக்கு மட்டும் உமி நீக்கும் யந்திரம் இல்லை என்று மூவரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். நம் வீட்டுக் கொல்லையில் கவிழ்த்துக் கிடந்த பாட்டி காலத்து உரலை நிமிர்த்தி, உலக்கைக்கு ஆசாரியிடம் சொல்லியிருக்கிறோம்.